துவக்கு மந்திரிக்கப் போன குருசுமுத்து

குருசுமுத்து அந்தோனியாருக்கு ஒரு கடன் பட்டிருந்தார்.

காசுக் கடன் அல்ல. காசுக் கடனோடு அந்த மனிதருக்கு ஒட்டுறவே கிடையாது. டென்மார்க்கின் ஹேர்னிங்கில் வீடு வாங்க வங்கி கொடுத்த பணத்தைக்கூடத் தவணைக்கு முன்பே கட்டி முடித்தவர். கடைசிக் காசு கட்டின அன்று வங்கி மனேச்சர் எழும்பி நின்று கைகொடுத்தான் என்று சொல்லுவார். கொடுத்தான்தான், பக்கத்தில் மனைவி றோஸும் நின்றவ. இது நேர்த்திக்கடன். யாக்ட்டைன் சோதனையில் பாசாகிச் சொந்தப் பேரில் ஒரு துவக்கு வாங்கினால், அதை முதலில் அந்தோனியாரின் சுரூபத்துக்கு முன்னால் வைத்து மந்திரித்து, அதற்குப் பிறகுதான் தோட்டா போடுவேன் என்று நேர்ந்திருந்தார்.

யாக்ட்டைன் என்பது டென்மார்க்கில் வேட்டைக்குப் போகிறவன் எடுக்க வேண்டிய அனுமதி. சும்மா கையெழுத்துப் போட்டு வாங்குகிற சாமான் இல்லை. வகுப்புக்குப் போக வேண்டும், டேனிஷில் சோதனை எழுத வேண்டும், துவக்கைக் கையில் பிடித்து நடந்து காட்ட வேண்டும். டென்மார்க்கில் பிறந்தவனே தவறுகிற சோதனை. அதை மன்னார்ப் பேசாலையில் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஒரு மனிதன் எடுத்தான் என்றால், அது சின்ன விஷயமா?

எண்பத்தாறாம் ஆண்டு, இருபத்துமூன்று வயதில், ஒரு சேர்ட்டும் ஒரு செபமாலையுமாக வந்து இறங்கினவர். துணித் தொழிற்சாலையில் சாயத் தொட்டி கழுவத் தொடங்கி, அதே தொழிற்சாலையில் மெசின் ஓட்டி, அது மூடினபிறகு யன்னல் செய்கிற இடத்தில் சேர்ந்து போர்மன் ஆனவர். அவருக்குக் கீழே வேலை செய்கிற நம்மாட்களில் இரண்டு பேர் பட்டதாரிகள். கண்ணாடியை எந்தப் பக்கம் தூக்குவது என்று அவரிடம்தான் வந்து கேட்பார்கள். இதை அவர் எல்லாருக்கும் சொல்லுவார். அந்தப் பட்டதாரிகள் இருக்கும்போதும் சொல்லுவார்.

ஆனால் ஒரு குறை அவர் மனசில் கிடந்தது. அதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இத்தனை வருடம் டேனிஷ்காரரோடு ஒரே மேசையில் இருந்து பாண் சாப்பிடுகிறார். ஒருவனும் அவரைச் சனிக்கிழமைக்குக் கூப்பிட்டதில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை “குருஸ், குருஸ்” என்று தோளில் தட்டுவார்கள். வெள்ளி பின்னேரம் அந்தக் குருஸ் முடிந்துபோகும். புரட்டாதி தொடங்கினால் மேசையில் வேட்டைக் கதைதான். யார் தாரா சுட்டது, யாருடைய நாய் தண்ணிக்குள் இறங்க மறுத்தது. நடுவில் ஸ்வென் இருந்து கதைப்பான். வெட்டு மெசினில் நிற்கிற பெரிய மீசைக்காரன். அவனும் இன்னும் சில பேரும் சேர்ந்து ஒரு பண்ணைக்காரனின் காட்டைக் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள்.

ஒருநாள் குருசுமுத்து தானும் வாறன் என்றார். மேசை சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை. ஆனால் சிரிப்புத்தான். யாக்ட்டைன் எடுத்துக்கொண்டு வா, வந்தால் உனக்கும் ஓரிடம் இருக்கு என்று ஸ்வென் சொன்னான். ஸ்வென் அதை அந்தப் பொழுதுக்குச் சொன்னது. குருசுமுத்து அதை வாக்காக எடுத்துக்கொண்டார்.

முதல்தரம் பறவைகளின் பேரில் தவறினார். இந்த நாட்டில் தாராவிலேயே எத்தனையோ சாதி, எல்லாம் ஒரே மாதிரி, அதில் எதைச் சுடலாம் எதைச் சுடக்கூடாது என்று தெரிய வேண்டும். மகள் அஜந்தினி காரில் வரும்போதெல்லாம் படத்தைக் காட்டிக் கேட்பாள். அவர் பேரைச் சொல்லுவார். அவள் டேனிஷில் “நை, பாப்பா” என்பாள், இல்லை அப்பா என்று. இரண்டாம்தரம் எழுத்துச் சோதனையில் பாசாகி, வேலி கடக்கும்போது துவக்கை மடித்துத் திறக்க மறந்து தவறினார். மூன்றாம்தரம் எல்லாம் சரி. சோதித்தவன் கைகுலுக்கினான். அடுத்த நாள் ஸ்வென் சாப்பாட்டு மேசைக்குக் கேக் வாங்கி வந்து, வருகிற ஐப்பசியில் ஃபசான் கோழி வேட்டைக்கு நீ எங்களோடு என்று எல்லாருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னான். குருசுமுத்து அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் வரவேற்பறைக்குள் நடந்தார். றோஸ் பின்னால் வந்து துடைத்தா.

மாசியில் துவக்கு வந்தது. இரட்டைக் குழல், ஒன்றுக்கு மேல் ஒன்று. சட்டப்படி ஒரு இரும்பு அலுமாரி வாங்கி, படிக்குக் கீழே சுவரோடு பூட்டி, அதற்குள் வைத்தார். வீட்டுக்கு வருகிற ஆம்பிளைகளை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தோட்டா போடவில்லை. நேர்த்திக்கடன் இருக்கிறதே.

அந்தோனியார் திருநாள் ஆனியில் ஒரு சனிக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். தமிழ்ப் பூசை, பாண் மந்திரிப்பு, பிறகு மண்டபத்தில் சாப்பாடு. அதே சனி பின்னேரம் ஸ்வென் அவரைச் சூட்டுப் பயிற்சி மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தான். களிமண் தட்டை மேலே எறிந்து சுடுகிற இடம். ஐப்பசிக்கு முன் கை பழக வேண்டும் அல்லவா. குருசுமுத்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். காலமை கோயில், பின்னேரம் மைதானம். இதைவிட வடிவான நாள் வருமா?

றோஸுக்கு விஷயம் தெரிந்தபோது அவ அடுப்பை நிற்பாட்டிவிட்டுத் திரும்பினா.

“உங்களுக்கென்ன விசரோ? கோயிலுக்கு ஆரும் துவக்குக் கொண்டு போவினமோ?”

கார் வாங்கினபோது மந்திரிக்கவில்லையா என்று அவர் கேட்டார். வான் வாங்கினபோது? உன்ரை தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு போனது ஆர்? அதோடு, ஸ்வென் சொன்ன கதையும் அவரிடம் இருந்தது. அவனுடைய ஊர்த் தேவாலயத்தில் வருடத்துக்கு ஒருதரம் வேட்டைக்காரருக்கென்று ஒரு பூசை வைப்பார்களாம். பச்சைச் சட்டை போட்டு, நாயைப் பிடித்துக்கொண்டு, ஊதுகொம்பு ஊதிக்கொண்டு போவார்களாம். நாயையே கோயிலுக்குள் விடுகிறவன் துவக்கை விடமாட்டானா?

சட்டம் அவருக்குத் தெரியும். தெரியாமல் பாசாக முடியுமா? துவக்கில் தோட்டா இருக்கக்கூடாது. பெட்டிக்குள் இருக்க வேண்டும். பார்க்கிறவன் கண்ணில் படக்கூடாது. வீட்டிலிருந்து வேட்டைக்கோ மைதானத்துக்கோ துவக்குக் கடைக்கோ கொண்டு போகலாம், திரும்பக் கொண்டு வரலாம். சோதனையில் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் பிழைவிடவில்லை. மைதானத்துக்குத்தானே போகிறோம், கோயில் வழியில் ஒரு தரிப்பு என்று வைத்துக்கொண்டார். மைதானம் பட்டினத்துக்கு மேற்கே, கோயில் கிழக்கே. இருந்தாலும் முதலில் கிழக்கே போனால் அதுவும் வழிதான் என்பது அவருடைய கணக்கு.

கண்ணில் படக்கூடாது என்பதற்காகப் பெட்டிக்கு மேல் றோஸின் பழைய பச்சைச் சேலையையும் சுற்றினார்.

கோயிலில் நல்ல சனம். வைலே நகரத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். சுரூபத்துக்கு முன்னால் நீள மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. நேர்த்திக்காரர் கொண்டு வந்ததெல்லாம் அதில்: மெழுகுதிரி, தட்டுத் தட்டாய்ப் பாண், பிள்ளை கிடைத்தவர்களின் சின்னச் சப்பாத்து, வெளியில் நிற்கிற கார்களின் திறப்புகள், பல்கலைக்கழகத்துக்குப் போகிற ஒரு பெடியனின் லப்ரொப். குருசுமுத்து பச்சைச் சேலைப் பொதியை மேசையின் ஓரத்தில் நீட்டி வைத்தார். பக்கத்தில் மேரிகிறேஸ் பாண் தட்டோடு நின்றா. கொமூனவில், அதாவது நகரசபையில், வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை செய்கிற பொம்பிளை. ஊரில் கடைசிச் சண்டை முடிந்தபிறகு வந்தவ. குருசுமுத்து வீட்டில் மாதாமாதம் நடக்கிற செபமாலைக்குத் தவறாமல் வருவா. அண்ணை, இது என்ன, வாசிக்கிற கீபோட்டோ என்று கேட்டா. பொறு பிள்ளை, பார்ப்பாய் என்றார்.

பூசை முடிந்து பாதர் தீர்த்தக் கிண்ணத்தோடு மேசைக்கு வந்தார். அவர் வர வர ஆட்கள் மூடிகளைத் திறந்தார்கள், தீர்த்தம் உள்ளே படவேண்டும் என்று. குருசுமுத்து சேலையை அவிழ்த்தார். பெட்டியின் இரண்டு கொளுக்கியையும் தட்டினார். டக், டக். மூடியைத் திறந்தார்.

மேரிகிறேஸ் எட்டிப் பார்த்தா.

தட்டு விழுந்தது. பாண் உருண்டு கால்களுக்குள் போனது. மேரிகிறேஸின் இரண்டு கையும் தலைக்கு மேலே போய் நின்றது, விரல் எல்லாம் விரித்தபடி. முகத்தில் ஒன்றுமில்லை. அழவில்லை, கத்தவில்லை. கண் நேரே பார்த்தபடி. யாரோ சொல்லித் தூக்கினதுபோல, சொன்னவன் இறக்கச் சொல்லும்வரை இறக்கமாட்டா என்பதுபோல நின்றா.

கோயில் அப்படியே அடங்கியது. பிறகு பின்னுக்கிருந்த வாங்குகளுக்கிடையில் ஆட்கள் குந்தத் தொடங்கினார்கள். டென்மார்க்குக்கு முந்தி வந்தவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். பிந்தி வந்தவர்கள் நிலத்தில் இருந்தார்கள். யார் எப்போது ஊரைவிட்டு வெளிக்கிட்டது என்று ஒருவரையும் கேட்காமலே அன்று தெரிந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள் மட்டும் ஒன்றும் விளங்காமல் தாய்தகப்பன் ஏன் கீழே இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பாதரின் தீர்த்தக் கை அந்தரத்தில் நின்றது. ஒரு துளி குழலில் விழுந்தது என்று குருசுமுத்து இன்றைக்கும் சொல்லுவார். அந்த அளவில் அந்தோனியாருக்கும் தனக்கும் கணக்குத் தீர்ந்தது என்பார். விழுந்திருக்கலாம்.

அந்த நேரம் அவர் செய்த வேலைதான் மோசம். சனத்தின் பயத்தைத் தெளிவிக்கிறேன் என்று குழலைப் பெட்டியிலிருந்து கையில் எடுத்து உயர்த்தி, “ஒருத்தரும் பயப்பிடாதையுங்கோ, உள்ளுக்கு ஒண்டுமில்லை” என்றார்.

அதற்குப் பிறகு நின்றவர்களும் விழுந்தார்கள்.

பொலிசுக்கு ரெலிபோன் அடித்தது யார் என்று இதுவரை தெரியாது. வந்தவர்கள் சும்மா வரவில்லை. தலைக்கவசமும் நெஞ்சுக்கவசமுமாக, கையில் துவக்கோடு வாசல் இரண்டாலும் வந்தார்கள். குருசுமுத்து குழலை எப்போதோ மேசையில் வைத்துவிட்டார். இருந்தாலும் படு என்றார்கள். அறுபத்தொரு வயது மனிதன், போர்மன், திருநாளுக்கென்று தைத்த கோட்டோடு கோயில் நிலத்தில் முகம்குப்புறப் படுத்தார். முதுகில் ஒரு முழங்கால். கைகளில் இரும்பு. கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு பாண் கிடந்தது. தான் எங்கே கிடக்கிறேன் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. கூப்பிட்டது பொலிசை, வந்தது என்னைப் பிடிக்க என்பது மூளைக்குள் ஏறவே இல்லை.

வெளியில் கொண்டு போய் வாகனத்தில் இருத்தி, ஒரு பொலிஸ்காரி கதைத்தாள். அஜந்தினியின் வயதுதான் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முதலில் கேட்டாள். குருசுமுத்துவுக்கு அதுதான் சுட்டது. நீ பிறக்க முன்னமே நான் டேனிஷ் கதைக்கிறேன், எனக்கென்னத்துக்கு ஆள் என்று சொன்னார். சொன்னது உண்மை. தொழிற்சாலையில் அவருடைய டேனிஷ் எல்லாருக்கும் விளங்கும். ஆனால் நேர்த்திக்கடன் என்ற சொல் தொழிற்சாலையில் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. கடனுக்கு டேனிஷில் “கெல்” என்று தெரியும். அதையே போட்டார்.

“எனக்கு அந்தோனியுஸிட்டைக் கடன் இருக்கு,” என்றார் டேனிஷில். “இண்டைக்கு அதைத் தீர்க்கத்தான் வந்தனான்.”

பொலிஸ்காரியின் பேனா நின்றது. எவ்வளவு காலமாகக் கடன் என்று கேட்டாள். மூன்று வருடம் என்றார். அந்தோனியுஸ் கடனைக் கேட்டு உன்னை வெருட்டினானா என்றாள். கேட்கவில்லை, ஆனால் தீர்க்காவிட்டால் விடமாட்டார் என்றார். அவன் இப்போது உள்ளே இருக்கிறானா என்று கேட்டாள். ஓம், மேசைக்கு முன்னால்தான் நிற்கிறார் என்று பெருமையாகச் சொன்னார்.

அவள் தோளில் இருந்த வயர்லெஸில் ஏதோ சொன்னாள். உள்ளே போன பொலிசார் அந்தோனியுஸ் என்று பேர் உள்ளவர்கள் முன்னுக்கு வரச் சொன்னார்கள். மன்னார்க் கத்தோலிக்கச் சனம் நிறைந்த கோயிலில் அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன நடக்கும்? அந்தோனிப்பிள்ளை எழும்பினார். மரியான் அன்ரனி எழும்பினார். அன்ரன் எழும்பினான், அவனுடைய மகன் அன்ரனி டினேஸும் எழும்பினான். கடைசியில் பாதரும் கையை உயர்த்தினார், அவருடைய ஞானஸ்நானப் பேரும் அதுதான். அத்தனை பேரையும் சுவரோடு நிற்பாட்டிக் குருசுமுத்துவுக்கு யார் எவ்வளவு கொடுத்தது என்று விசாரித்தார்கள். அன்ரன், தான்தான் அந்தாளுக்கு ஒரு மெத்தை வாங்கின காசு கொடுக்க வேண்டியிருக்கு என்று உளறிவிட்டான். அது றோஸுக்கே அதுவரை தெரியாது.

அஜந்தினி வந்துதான் அதைப் பிரித்தாள். பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவள், வேலைச் சட்டையோடு ஓடி வந்தாள். தகப்பனிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். சொன்னார். அவள் கையால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

“பாப்பா, அது கெல் இல்லை. லொஃப்த. வாக்குக் குடுக்கிறது.”

பிறகு பொலிஸ்காரிக்கு விளக்கினாள். அந்தோனியுஸ் செத்து எண்ணூறு வருடத்துக்கு அருகில் ஆகிறது, அவர் ஒரு புனிதர், சுரூபமாக நிற்கிறார், தகப்பன் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பொலிஸ்காரி எழுதி வைத்திருந்ததை ஒரு கோடு போட்டு வெட்டினாள். கைவிலங்கைக் கழற்றினாள். குருசுமுத்து மணிக்கட்டைத் தேய்த்தபடி, அப்ப சரிதானே, மைதானத்துக்கு நேரமாகுது, துவக்கைத் தாங்கோ என்றார்.

“உனக்கு விளங்கவில்லை,” என்றாள் அவள். இந்த நாட்டில் ராசாவைத் தவிர எல்லாரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். “நீ ஒருவரையும் சுட வரவில்லை என்று எனக்கு இப்போது தெரியும். அது வேறு. இது துவக்கு எங்கே இருந்தது என்பது பற்றியது.”

அனுமதிக் கடதாசி இருக்கே என்று பொக்கற்றிலிருந்து எடுத்துக் காட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தக் கடதாசி துவக்கோடு எங்கும் போகலாம் என்று சொல்லவில்லை, வீட்டு அலுமாரியையும் வேட்டையையும் மைதானத்தையும் அவற்றுக்கு நடுவிலுள்ள வழியையும்தான் சொல்கிறது என்றாள். கோயில் அந்த வழியில் இல்லை. மறைச்சுத்தானே கொண்டு வந்தனான், சட்டம் அப்படித்தானே சொல்லுது என்று அவர் கேட்டார். காரில் மறைத்தால் அது சட்டம் என்றாள். சனம் கூடுகிற இடத்துக்குள் சேலையால் மறைத்துக் கொண்டு வந்தால் அதை என்னவென்று எழுதுவது என்று நீயே சொல்லு.

  துவக்கைப் பொலிஸ் கொண்டு போனது. அனுமதியைப் பறிப்பதா விடுவதா என்று பொலிஸ் கந்தோர் தீர்மானிக்கும், அதற்கு முன் உன் பக்கத்தை எழுதி அனுப்பலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அனுமதி போனால் ஐப்பசி போகும். ஐப்பசி போனால் அந்தச் சனிக்கிழமை போகும். அவருக்கு வேறொன்றும் தெரியவில்லை.  றோஸ் மெத்தைக் காசைப் பற்றிக் கேட்கவும் இல்லை, அதிலிருந்தே நிலைமை தெரியும்.

திங்கள் வேலைக்குப் போனபோது ஸ்வென் எல்லாம் கேள்விப்பட்டிருந்தான். இடைவேளையில் இருவரும் வெளியில் போய் நின்றார்கள். உங்கடை வேட்டைப் பூசையைப் பற்றி ஒரு வரி எழுதித் தா, டேனிஷ்காரரும் துவக்குக் கொண்டு போறவை எண்டு என்று குருசுமுத்து கேட்டார். ஸ்வென் சிகரெட்டைக் கீழே போட்டான்.

“நாங்கள் துவக்குக் கொண்டு போறதில்லை, குருஸ். நாயும் கொம்பும் மட்டும்தான்.”

குருசுமுத்து அவனையே பார்த்தார். அவன் சொன்ன கதையில் துவக்கு எந்த இடத்திலும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பச்சைச் சட்டை, நாய், கொம்பு. துவக்கைத் தான் போட்டு நிரப்பியிருக்கிறார். முப்பத்தைந்து வருடமாகத் துவக்கு வைத்திருக்கிறேன், வேட்டையால் வரும்போது சிகரெட் வாங்கக்கூட அதை விட்டுவிட்டு இறங்கியதில்லை என்றான் ஸ்வென். கோபமாகச் சொல்லவில்லை. மற்றவர்களோடு கதைத்தானாம். அனுமதி இருந்தால் ஐப்பசியில் உன்ரை இடம் உனக்கு, இல்லாவிட்டால் எங்களாலும் ஏலாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அஜந்தினி கந்தோருக்குப் பதில் எழுதினாள். அதோடு கோயிலில் பக்கத்தில் நின்ற மேரிகிறேஸ் ஒரு கடதாசி தந்தால் உதவும், தன்னை அவர் வெருட்டவில்லை என்று, அதுவும் அவள் யோசனைதான். கேட்கப் போகிறது நான் என்று குருசுமுத்து சொன்னார். தன் காரியத்துக்கு மற்றவனை அனுப்புகிற பழக்கம் அவரிடம் இல்லை.

மேரிகிறேஸ் அப்போதுதான் வேலையால் வந்திருந்தா. தேத்தண்ணி ஊற்றினா. குருசுமுத்து வாயைத் திறக்க முன்னமே, பாண் எல்லாத்தையும் கொட்டிப்போட்டன், அந்தோனியார் என்ன நினைப்பாரோ என்றா. பிறகு, “அண்ணை, நான் உங்களுக்குப் பயந்து தூக்கேல்லை. என்ரை கை என்னைக் கேக்காமல் மேலை போட்டுது,” என்றா.

இறக்கினது யார் என்று அவர் கேட்டார். தெரியாது என்றா. பொலிஸ் வந்து உங்களைப் படுக்க வைத்தபிறகும் தூக்கிக்கொண்டுதான் நின்றேனாம், றோஸ் அக்கா வந்து பிடிச்சு இறக்கினவவாம். 

குருசுமுத்து கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். எண்பத்தாறில் வெளிக்கிட்டவர். ஆமிக்காரனுக்கு முன்னால் ஒருநாளும் கை தூக்கினதில்லை. அதை ஒரு கெட்டித்தனமாகக்கூடச் சொல்லியிருக்கிறார். ஆம்பிளைகளுக்கு அலுமாரியைத் திறந்து காட்டும்போது, இதைத் தொட நெஞ்சுரம் வேணும் என்று சொன்னதும் அவர்தான்.

அஜந்தினி எழுதித் தந்த கடதாசியை அவ வாசித்தா. டேனிஷ் நன்றாக வாசிப்பா. ஒரு சொல்லும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டா. போட்டுவிட்டு, கேட்கலாமோ என்பதுபோல அவரைப் பார்த்தா.

“அந்தச் சாமான் வீட்டிலை எங்கை இருந்தது?”

“படிக்குக் கீழை. இரும்பு அலுமாரி. பூட்டினபடி.”

“செபமாலைக்கு நான் இருக்கிற கதிரைக்குப் பின்னாலை.”

“ஓம்.”

“எப்ப இருந்து?”

“மாசி.”

அவ மனசுக்குள் மாதங்களை எண்ணுகிறதுபோல இருந்தது. முகம் கோயிலில் இருந்த முகமாகவே மாறியது, கை மட்டும் மேசையில் கிடந்தது. எல்லா ஆம்பிளையளுக்கும் காட்டினியள், எனக்குச் சொல்லேல்லை என்றா. குரல் உயரவில்லை. சட்டப்படி சரியான இடத்தில், சரியான பூட்டோடு, ஒரு பிழையும் இல்லாமல் வைத்த துவக்கு. குருசுமுத்து கடதாசியை மடித்துக்கொண்டு எழும்பினார். வாசலில் அவ, போய் வாங்கோ அண்ணை, நல்லதாய் முடியட்டும் என்றா. மனசாரத்தான் சொன்னா.

கோடை முடிகிற நேரத்தில் முடிவு வந்தது. மேரிகிறேஸின் கடதாசியைப் பார்த்ததாக எழுதியிருந்தார்கள், அந்தோனியாரைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. ஆனாலும் தண்டப்பணம், அனுமதியும் ரத்து. துவக்கை அனுமதி உள்ள ஒருவருக்கு விற்கலாம். சில வருடம் போனபின் திரும்ப விண்ணப்பிக்கலாம். அப்பவும் எழுதுவன், அப்பவும் பாசாவன் என்று குருசுமுத்து றோஸிடம் சொன்னார். பிறகு குளியலறைக்குப் போய்க் கனநேரம் தண்ணியைத் திறந்து விட்டிருந்தார்.

வாங்குகிறேன் என்று ஸ்வென்தான் சொன்னான். விலை பேசினார்கள். பதினோராயிரம் குரோனருக்கு வாங்கின சாமான். ஸ்வென் எட்டாயிரம் என்றான். ஒரு தோட்டா போகாத துவக்கு, பழஞ்சாமான் விலை சொல்லாதே என்றார் குருசுமுத்து. ஒன்பது என்றான். ஒன்பதரை, அதுவும் காசாய்க் கையில, ரெலிபோனில் அனுப்புகிற காசு வேண்டாம் என்றார். இந்தக் காலத்தில் காசுத் தாள் எடுக்க ஸ்வென் வங்கி வங்கியாய் அலைந்தான்.

பொலிஸ் நிலையத்துக்கு இருவரும் ஸ்வெனின் காரில் போனார்கள். உள்ளே ஸ்வென் தன் அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டான். பெட்டியை அவனிடம்தான் கொடுத்தார்கள். குருசுமுத்து பழக்கத்தில் தூக்க ஒரு கை கொடுக்கப் போனார். மேசைக்குப் பின்னால் நின்றவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவர் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

கார் தரிப்பிடத்தில் ஸ்வென் பெட்டியைப் பின்பக்கத்தில் வைத்து, மேலே ஒரு கம்பளியை இழுத்து மூடிப் பூட்டினான். பிறகு மூச்சை விட்டு, என்னால் உன்னைத் திரும்ப ஏற்ற முடியாது குருஸ், இதோடு நேரே என்ரை வீட்டுக்குத்தான் போகவேணும், உன்ரை வீடு மற்றப் பக்கம் என்றான். தெரியும் என்றார் குருசுமுத்து. அஜந்தினி வாறாள்.

ஸ்வென் காசு உறையைக் கிழித்தான். குருசுமுத்து வலது கையை நீட்டினார். ஐந்நூறு குரோனர்த் தாள்களை ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்து ஸ்வென் டேனிஷில் எண்ணினான். ஐப்பசியைப் பற்றி அவனும் கதைக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. பத்தொன்பதாம் தாளை வைத்துவிட்டு, அவ்வளவுதான் என்பதுபோலக் கார்த் திறப்பை எடுத்தான்.

கார் வெளிக்கிட்டால் அந்தச் சனிக்கிழமையும் அதோடு போய்விடும். குருசுமுத்து கையை மூடவில்லை.

“இன்னொருக்கா எண்ணு,” என்றார்.

ஸ்வென் அவரைப் பார்த்தான். திறப்பைத் திரும்பப் பொக்கற்றில் போட்டான். தாள்களை எடுத்து, ஒன்றிலிருந்து தொடங்கி, அவசரப்படாமல் அந்த விரிந்த கையில் திரும்ப வைத்தான். பத்தொன்பதும் சரியாக இருந்தது.